சைடு லோயர்

குழித்துறை ஸ்டேசன் கவுண்டரில்
நூல் கட்டிய பேனா எழுதவில்லை.
பின்னால் நின்ற கல்லூரிப் பையன் தன்னுடையதைத் தந்தான்.
ஆறு பேர். பெயர், வயது, ஆணா பெண்ணா,
எல்லாம் சுலபம்.
கடைசிக் கட்டத்தில்தான் கை நின்றது:
படுக்கை விருப்பம்.

கனகபாய் மைனிக்கு லோயர்.
அதில் யோசிக்க ஒன்றுமில்லை.
சர்ச் படியில் விழுந்ததிலிருந்து முட்டு மடங்காது.
"லோயர் இல்லன்னா நான் வரல்ல,
கல்யாணத்த நீங்களே நடத்துங்க" என்று
காலையிலேயே மூன்று தடவை சொல்லியாயிற்று.
அண்ணாச்சிக்கு மிடில்.
அந்தக் குறட்டையை மேலே ஏற்றினால் பெட்டி முழுக்கக் கேட்கும்.
நடுவில் கிடக்கட்டும்,
மேலும் கீழுமாக வீட்டு ஆட்களே பங்கு வைத்துக்கொள்வோம்.

ஆஷ்லினுக்கு அப்பர்.
பதினாறு வயது, வீட்டில் அவளுக்கென்று ஒரு கதவில்லை.
கூரைக்கு இரண்டடி கீழே ஓர் அறை
ஒரு ராத்திரிக்கு அவள் பெயரில்.
ஃபோன் வெளிச்சம் அங்கேயிருந்து ஒழுகும்,
நான் காணாதது போல இருந்துகொள்வேன்.
ஜெஃப்ரினும் அப்பர்தான் கேட்கிறான்.
உறக்கத்தில் உருளுகிறவன்,
கட்டிலிலிருந்து விழுந்த கணக்கு இந்த மாதம் இரண்டு.
லோயர் என்று எழுதினேன்.
வண்டி இரணியல் தாண்டும்வரை
அவனிடம் அப்பர் என்றே சொல்லுவேன்.

இனி அவருக்கு.
ஞானதாஸ், நாற்பத்தெட்டு, ஆண்.
ரப்பர் வெட்டு என்று எழுத அந்தத் தாளில் கட்டமில்லை.
இரவு இரண்டு மணிக்கு அந்த உடம்பு தானே எழும்பும்,
மழையானாலும், கிறிஸ்துமஸ் ஆனாலும்,
வெட்டுக்குப் போக வேண்டாத நாளானாலும்.
அப்பரில் போட்டால் எழும்பிய வேகத்தில் தலை இடிக்கும்.
மிடிலில் நிமிர்ந்து உட்கார முடியாது,
ஒடிந்த குடை மாதிரி விடியும்வரை கிடப்பார்.
லோயர் என்றால்
ஊரே உறங்கும் நேரத்தில் செருப்பைத் தேடி
எல்லார் பையையும் இழுப்பார்.

வீட்டில் இப்படியில்லை.
நான் உறங்குகிறேன் என்று விளக்குப் போடமாட்டார்.
தலைவிளக்கின் பட்டையை முற்றத்துக்குப் போய்த்தான் மாட்டுவார்.
தாழ்ப்பாள் சத்தம் போடாதிருக்க
இடையில் ஒரு விரலைக் கொடுத்துச் சாத்துவார்.
பத்தொன்பது வருடம்.
பத்தொன்பது வருடமும் நான் விழித்துதான் கிடந்தேன்.
மூச்சை ஒரே சீராக விடுவதற்கும் பழக்கம் வேண்டும்.
எழும்பினால் சாயா போட வேண்டுமே என்றில்லை;
அந்த விரல் பட்ட பாடு வீணாகிவிடுமே என்று.

"நாலு கன்பார்ம், ரெண்டு ஆர்ஏசி."
கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து குரல் வந்தது.
"சைடு லோயர் ஒண்ணு, ரெண்டு பேருக்கும் சேத்து.
இருந்துட்டுத்தான் போணும். போடட்டா?"

எனக்காக வரிசையே பேசியது.
வேண்டாம்க்கா, தட்கால் பாருங்க.
மார்த்தாண்டத்திலேருந்து பஸ் உண்டு, ஏசி, படுத்தே போலாம்.
பேடிக்காதீங்க, சார்ட் போடும்ப கிளியர் ஆயிரும்.
அந்தக் கடைசிப் பேச்சுதான்
எனக்குப் பேடியாக இருந்தது.

ஒரு படுக்கை, மடக்கினால் இரண்டு இருக்கை.
எதிரும் புதிருமாக ஜன்னலோரம்,
முட்டோடு முட்டு இடிக்கும்.
இரண்டு மணிக்கு, பெயர் தெரியாத ஏதோ ஊரில்,
வெட்ட மரமில்லாமல், மாற்றி வைக்கச் சிரட்டையில்லாமல்
கையை எங்கே வைப்பதென்று விழிப்பார்.
எதிரில் நான்
கண் திறந்து இருப்பேன்.
"நீ உறங்கல்லியா" என்று கேட்பார்.
அதற்கு என்ன சொல்வதென்று இன்னும் முடிவாகவில்லை.

"போடுங்க" என்றேன்.
மீதியை எண்ணி வாங்கி
ஜங்ஷன் வரை நடந்த பிறகுதான் பார்த்தேன்,
அந்தப் பையனின் பேனா என் கையில்.

ஒரு ஃபிளாஸ்க் வாங்க வேண்டும்.
பெரியது வேண்டாம்.