பங்கு

எங்கள் ஊரில் பங்கு என்றால் மூன்று.
ஞாயிறு பூசைக்கு மணியடிப்பது ஒன்று.
வலைக்கு இவ்வளவு வள்ளத்துக்கு இவ்வளவு ஆளுக்கு இவ்வளவு என்று
கரையில் குந்தியிருந்து பிரித்துக்கொள்வது இன்னொன்று.
மூன்றாவது
பேசாலை மாமா செத்த நாற்பதாம் நாள்
தங்கச்சிமடத்துக்குக் கூரியரில் வந்தது.
தனியார் கம்பெனி, பதிவு மன்னார்,
நூற்றுக்கு நாற்பது, மருமகள் செலஸ்தீனா பேருக்கு.

இடுப்பளவுத் தண்ணீரில் வேலி கட்டி
கடல் அட்டை வளர்க்கிற கம்பெனி.
அங்கே அதற்கு லைசென்ஸ் உண்டு, வரி உண்டு,
குஞ்சு விடும் நாளில் அதிகாரி வந்து
வேட்டி நனையாமல் படம் எடுத்துக்கொள்கிறார்.
இங்கே அதே அட்டை
புலியும் யானையும் இருக்கிற பட்டியலில்
முதுகெலும்பில்லாமல் படுத்திருக்கிறது.
தொட்டால் கேஸ்.

என் தம்பி தொம்மை தொட்டான்.
பனங்காட்டுக்குள் அண்டா, அவித்த அட்டை இரண்டு சாக்கு,
மண்டபம் வனச்சரகம்.
இது மூன்றாவது தடவை.

கேணிக்கரை மாடியில் ஆடிட்டர் சேதுராகவன் கேட்டார்:
"வாங்கினதா, வந்ததா?"
வந்தது.
"வந்ததுல தப்பில்ல. வெச்சிருக்கிறதச் சொல்லணும்.
லாபம் வந்தா அதயும் சொல்லணும்.
அதவிட..." கண்ணாடியைக் கழற்றினார்,
"அங்க எப்போ எடுக்கணும்னு யார் சொல்றது?"
நான்தான். வாட்ஸப்பில்.
"எங்க நின்னுக்கிட்டு?"

தனுஷ்கோடியில் எனக்கு மீன் வறுவல் கடை.
மத்தியானம் கூட்டம் வடிந்ததும் முனைப் பக்கம் நடந்தால்
இலங்கை உங்களை வரவேற்கிறது என்று போன் சொல்லும்.
நம் கோபுரம் போய் அவர்கள் கோபுரம் பிடித்துக்கொள்ளும்.
எடு என்று நான் அடித்ததெல்லாம்
அந்தக் கோபுரம் ஏறித்தான் போயிற்று.
ஆக, போன் வெளிநாட்டில் இருந்தது.
கால் மட்டும் இந்த மணலில்.
அவர் பேனாவைத் திறந்து
கால் என்று எழுதிக்கொண்டார்.

வக்கீல் ஹபீபாவுக்கு முப்பதாயிரம் தர வேண்டும்.
வங்கியில் கம்பெனி அனுப்பிய லாபம் இருக்கிறது.
"அதத் தொடாதீங்க அக்கா.
அட்டைக் கேசுக்கு அட்டைக் காசா?
தம்பியோட சாக்கு எங்க போக இருந்துச்சுன்னு
அரசு வக்கீல் நாளைக்கு எந்திரிச்சுக் கேப்பாரு.
அக்கரையில அக்காவுக்குக் கம்பெனி இருக்குன்னு
அவரே பதிலும் சொல்லுவாரு."

எங்கே போக இருந்தது?
நான் தொம்மையைக் கேட்டதில்லை.
மாமா இருந்த காலத்தில் இருவரும்
ராத்திரியில் நெடுநேரம் பேசுவார்கள்.
நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

தோட்டை அடகு வைத்து ஹபீபாவுக்குக் கொடுத்தேன்.

பயந்துபோனால் அட்டை
தன் குடலையே கக்கிவிடும்.
வந்தவன் அதைத் தின்றுகொண்டிருக்க
வெறும் தோலாக நகர்ந்து போகும்.
குடல் பிறகு முளைத்துக்கொள்ளுமாம்.
ஆடிட்டர் கொடுத்த படிவம் பதினோரு பக்கம்.
எத்தனை பக்கம் கக்கினால் போதும் என்று
அதில் எங்கும் இல்லை.
பான் அட்டை நகல், ஆதார் அட்டை நகல் இணைக்கவும்.
தொழிலின் தன்மை என்ற கட்டத்தில்
மூன்றாவது அட்டையை எழுத
கை போக மறுத்தது.
கடல்சார் உணவு என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்தது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

பங்கை விற்றுவிடு என்கிறார் பங்குச்சாமியார்.
விற்றால் விற்ற காசு எங்கே என்று
தனியாக ஒரு படிவம் இருக்கிறது, சாமி.

நேற்று மனுப் பார்க்கப் போனேன்.
தொம்மை கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு,
"அக்கா, அங்க இப்போ கிலோ என்ன போகுது?" என்றான்.
பக்கத்தில் காவலர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.
வெட்டுவது நின்றது.
விலை எனக்குத் தெரியும்,
அந்த ஊர் ரூபாயிலும், டாலரிலும்.

சாப்பிட்டியா, என்றேன்.