கைத்தட்டலுக்குப் பன்னிரண்டு டாலர்

அந்தப் பாட்டில் குரல் ஹோசியா கிரென்ஷாவுடையது.
இரண்டிலும் நான்கிலும் விழும் கைகள் என்னுடையவை,
சலவைக்கூடத்து நீராவியில் வெந்த கைகள்.
அறுபத்தாறு ஜனவரி, சிகாகோவின் தெற்குப் பக்கம்,
டயர் கடையாக இருந்த ஓர் அறை.
ரப்பர் வாசனை கடைசிவரை போகவில்லை.

ஹீட்டர் முனகும் என்று அணைத்துவிட்டார் வெர்டெல் ஆஸ்கியூ.
கோட்டு சரசரக்கும் என்று கழற்றச் சொன்னார்.
எங்கள் மூச்சு வெள்ளையாக வெளியே வந்து நின்றது.
அதற்குச் சத்தமில்லை, இருக்கட்டும் என்றார்.

சொற்களைச் சலவை ரசீதின் பின்புறம் எழுதியிருந்தார்,
எங்கள் கூடத்து ரசீது.
சட்டை வாங்க வந்தவர்
நான் இஸ்திரிப் பலகையை அறையும் தாளம் கேட்டு
அப்படியே நின்றுவிட்டார்.
"திங்கள் ராத்திரி சும்மாவா இருக்கிறாய்?"
வேறெதற்கோ கேட்கிறார் என்று
நான் ஹேங்கரைக் கையில் எடுத்தேன்.

பாட்டில் மூன்று சரணம். நடுச் சரணம்தான் அழகு:
பேருந்தின் கடைசி இருக்கை, நனைந்த தொப்பி,
ஏரிக்கு மேல் ஒற்றை விளக்கு.
ஹோசியா அதைப் பாடியபோது
டிரம்மர் டூலி கண்ணை மூடிக்கொண்டான்.
வெர்டெல் பென்சிலால் ஒரே கோடு இழுத்தார்.
"இவன் கண்ணை மூடினால்
அங்கே ஆடுகிறவன் காலை நிறுத்திவிடுவான்."
ஹோசியா ஒரு மணி நேரம் அவரோடு பேசவில்லை.
அந்தக் கோபத்தோடேயே பாடினான்.
அதற்காகத்தான் வெட்டினாரோ என்னவோ,
கேட்டால் சிரிப்பார்.

பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தரம்
தலைக்கு மேல் ரயில்.
மைக் நடுங்கும், பல்லும் நடுங்கும்.
அது போனதும் கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்:
கம்பியை முறுக்க, எச்சில் துடைக்க, திட்ட, சமாதானமாக,
போக மிச்சத்துக்குள் ஒரு பாட்டு.

ஒன்பதாவது தரம்.
என் உள்ளங்கைக் கொப்பளம் உடைந்தது.
கை ஒரு நூலிழை பிந்தி விழுந்தது,
அடுத்ததும் பிந்தி, அதற்கடுத்ததும்.
நிறுத்தப்போகிறார் என்று கண்ணாடியைப் பார்த்தேன்.
நிறுத்தவில்லை.
நாற்காலியை விட்டு எழுந்து
டூலிக்கு விரலால் சொன்னார்:
அவளுக்காகக் காத்திரு.

எழுதினார், வெட்டினார்,
எக்காளங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஊதச் சொன்னார்,
எல்லாம் உண்மை. அதையெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறது.
என்னைக் கேட்டால்
ஒரு கொப்பளத்துக்காக
ஒரு முழு பேண்டையும் காக்கவைத்தார்.
பிறகு பன்னிரண்டு டாலர், நோட்டில் கறை படாமல்
இடது கையில் வைத்தார்.

இசைத்தட்டு அச்சாகி வந்தது.
எழுதியவர் என்று முதல் பெயர் முதலாளியுடையது,
வாடகை ரசீது தவிர எதுவும் எழுதாத மனிதர்.
இரண்டாவது பெயருக்கு வளைவில் இடம் போதவில்லை,
பாதியில் விட்டிருந்தார்கள்:
வி. ஆஸ்க்.
கேள், என்று.
வெர்டெல் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
"கேட்டிருக்கத்தான் வேண்டும்," என்றார், "பணத்தை."

பாட்டு ஏன் முடியாமலே தேய்ந்து போகிறது என்று
பின்னாளில் ஒரு வானொலிப் பையன் கேட்டான்.
தீராத காதல் என்று பதிலையும் அவனே சொன்னான்.
இல்லையப்பா,
ரயில் வந்துகொண்டிருந்தது.
வெர்டெலுக்கு அது முதலில் பாதத்தில் தெரிந்தது.
குமிழை மெல்ல மெல்ல இறக்கினார்.
எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.
நாடாவில் நாங்கள் இல்லாமல் போனது தெரியாமல்
ஹோசியா பாடிக்கொண்டிருந்தான்,
ரயில் கூரைமேல் ஏறி, கடந்து,
அறுபத்து மூன்றாம் தெரு வளைவில் கீச்சிட்ட பிறகும்
இரண்டு, நான்கு,
இரண்டு, நான்கு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வெர்டெல் கைகட்டி நின்று
அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.