கேட் திறந்திருந்தது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்
திறந்திருந்தது.
இந்தப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ இல்லை,
அந்தப் பக்கம் ஒரு தண்ணி லாரி இல்லை,
ஹாரன் அடிக்க ஆளில்லை.
அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.
வரவில்லை.
சைக்கிளை மிதித்துத் தண்டவாளம் தாண்டிப் போனேன்,
ஏதோ தினமும் அப்படித்தான் என்பதுபோல.

துறைமுகத்தில் எனக்கு
கன்டெய்னர் எண் பார்க்கிற வேலை.
நான்கு எழுத்து, ஏழு இலக்கம்.
படி, எழுது, நிமிர்ந்து மறுபடி படி.
தப்பாய் ஓர் எட்டு விழுந்தால்
கொழும்புக்குப் போகிற வெங்காயம்
வேறெங்கோ கிடந்து அழுகும்.
பதினோரு வருஷமாய்
எதையும் இரண்டு தடவை படிக்கிறவன் நான்,
கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை,
பேருந்தின் நெற்றி.

அந்தப் பழக்கம்தான்
ஒரு பகல் தூக்கத்தில் காட்டிக்கொடுத்தது.
நீலப் பெட்டி, ஓரத்தில் துரு.
கடைசி இலக்கம் மூன்று.
எழுதிவிட்டு நிமிர்ந்தேன், ஒன்பது.
மறுபடி பார்த்தேன், எண்ணே இல்லை,
ஒரு வரிசை எறும்பு.

"டேய், தூங்குறடா நீ" என்றேன் சத்தமாய்.
அந்தச் சந்தோஷத்திலேயே விழித்துவிட்டேன்.
மின்விசிறி. பிற்பகல் இரண்டரை.
மணலிப் பக்கமிருந்து வாயு நெடி.
(கனவில் அது மட்டும் வருவதே இல்லை.)

பிறகு பழகினேன்.
டீக்கடையில், ஏடிஎம் வரிசையில்
விரல் எண்ணினேன்.
ஐந்து. ஐந்து. ஐந்து.
மூக்கைப் பொத்தி மூச்சு இழுத்துப் பார்ப்பேன்,
காற்று உள்ளே வந்தால் கனவு.
ஜெசிந்தா பார்த்துவிட்டு
"சளியா?" என்றாள்.

சந்தோஷப்படக் கூடாது, அதைத்தான் முதலில் கற்றேன்.
கலையப் பார்த்தால் உள்ளங்கையைத் தேய்க்கணும்.
சூடு ஏற ஏற
தெரு மறுபடி கெட்டியாகும்.
பறப்பது லேசு, மின்சாரக் கம்பிதான் பயம்.
தண்டையார்பேட்டைக்கு மேலே
கனவென்று தெரிந்தும்
குனிந்து குனிந்துதான் பறந்தேன்.
கால்வாயைப் பார்த்துக் கை காட்டினேன், தெளிந்தது.
அடியில் கிடந்ததெல்லாம் தெரியவும்
அவசரமாய் மறுபடி கறுப்பாக்கினேன்.
கேட்டை மட்டும் மூடவே விடவில்லை,
ஒரு மாதம், ஒவ்வொரு கனவிலும்.
ரயில்வேக்கே முதலாளி மாதிரி இருந்தது.

அப்புறம் அலுத்தது.
அங்கே வருகிற எல்லாரும்
எனக்குத் தெரிந்ததையே பேசினார்கள்.
ஒரு நாள் ஜெசிந்தா வந்தாள்,
மருந்துக் கம்பெனிச் சீருடையில்.
நிறுத்திக் கேட்டேன்,
எனக்குத் தெரியாத ஒன்று சொல்லு.
வாயைத் திறந்தாள்.
என் குரல் வந்தது.

எழுந்து போனேன். அடுப்படியில் நிஜமானவள்
சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
விரலை எண்ணிக்கொண்டேன், ஐந்து.
அதே கேள்வியைக் கேட்டேன்.
செதில் ஒட்டிய புறங்கையால் முடியை ஒதுக்கி
கொஞ்சம் யோசித்தாள்.

"அந்த கேட் மூடுறாங்கல்ல,
எனக்கு அது புடிக்கும்யா.
கூட்ஸ் வந்தா இருபது நிமிஷம்.
கம்பெனிலயும் இல்ல, வீட்லயும் இல்ல.
யாரும் ஒண்ணும் கேக்க முடியாது.
சும்மா நிப்பேன்.
சில நாள் சீக்கிரம் தொறந்துட்டா
கோவமா வரும்."

மீனுக்குத் திரும்பிவிட்டாள்.
கல்யாணமாகிப் பதினான்கு வருஷம்.
இதை நான் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

நேற்று மறுபடி கிடைத்தது.
கேட் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு
திறந்து நின்றது.
கையைத் தேய்த்தேன். பறக்கவில்லை.
கேட்மேன் அறைக்குள் போய்ச் சக்கரத்தைச் சுற்றினேன்,
கம்பம் இறங்கியது.
எண்ணூர்ப் பக்கமிருந்து ஒரு கூட்ஸை வரவழைத்தேன்,
மெதுவாக.
எத்தனை பெட்டி என்று நான் முடிவு செய்யவில்லை.
கம்பத்துக்கு அந்தப் பக்கம்
யாரோ வந்து நின்றார்கள்,
சீருடை, தோளில் பை.
முகம் வேண்டுமென்று நினைத்தால் போதும், வந்திருக்கும்.
நினைக்கவில்லை.
வேகன் எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொன்றையும்
ஒரே ஒரு முறை.