சாவு வரி

ஆட்டுத் தோலில் எழுதிய கணக்கு.
ஆடும் கல்லூரியுடையதே.
டன்ஸ்கோம்ப் பண்ணை, ஆக்ஸ்போர்டிலிருந்து
குதிரையில் இரண்டு நாள்.
குடியானவன் செத்தால் அவனுடைய நல்ல மாடு ஒன்று
கல்லூரிக்கு. அது வழக்கம்.

ஹாமோ இறந்தான். எருது.
அவன் மனைவி ஹாவிஸ் இறந்தாள். பசு.
மூத்தவன் வைமண்ட் பதினோரு நாள்
நிலத்துக்கு உரியவனாய் இருந்தான்;
கொட்டிலில் ஏதும் மிச்சமில்லை.
ஒரு பித்தளைப் பானை.

வரவுப் பக்கம் இப்படி என்றுமே நிறைந்ததில்லை.
முப்பத்தேழு மாடு. மேய்க்க ஆள் தேடி
மணியக்காரர் மூன்று ஊர் போய்வந்தார்.
நாளுக்கு மூன்று பென்னி கேட்டானாம் ஒரு பையன்.
திமிர் என்று எழுதவில்லை,
'மிகை' என்று எழுதியிருக்கிறார்.
மாடுகள் அறுக்காத கோதுமைக்குள் இறங்கி நின்றன.
எவரும் விரட்டவில்லை.
சந்தையில் எருது நான்கு ஷில்லிங்,
போன வருஷம் பதின்மூன்று.

அந்தப் பணத்தில்
தர்க்கம் படிக்கும் கூடத்தின் கூரைக்கு ஈயத் தகடு.
கீழே பாடம் கேட்க
ஆறு பேர்.

'ஆலைக்காரன் வீட்டிலிருந்து' என்று தொடங்கும் வரியில்
கையெழுத்து மாறுகிறது.
முதல் கை சாய்ந்து, நெருங்கி, மையை மிச்சம் பிடிக்கும்.
இரண்டாவது பெரிசு பெரிசாய், பிழையோடு,
ஓரத்தில் ஒரு சொட்டு மையோடு.
வாக்கியத்தை மட்டும்
விட்ட இடத்திலிருந்தே முடித்திருக்கிறது:
'ஒன்றுமில்லை, அங்கே ஒருவருமில்லாததால்.'

கீழே மொத்தம்.
கூட்டிப் பார்த்தேன்.
ஒரு பென்னி உதைக்கிறது.