கரந்தைக்கு ரெண்டு மார்க்

கும்பப்பூ அறுத்துப் பதினெட்டு நாள்.
தேரூர்ப் பத்தில் தண்ணீர் வற்றி
வெடிப்பு ஒவ்வொன்றும் என் செருப்பு அகலம்.

நெல் நின்றபோது இது எங்கே இருந்தது?
சேற்றுக்கடியில் மூச்சைப் பிடித்துக் கிடந்திருக்கும்.
இப்போது முழங்காலுக்கும் எட்டாமல்
பார்க்கும் இடமெல்லாம் கொட்டைக்கரந்தை.
தண்டில் கம்பளி, இலையில் கம்பளி,
இந்த வெயிலில் யார் போர்த்திவிட்டதோ.
தண்டோடு இறங்கும் பச்சை விளிம்பில் ரம்பப் பல்.
உச்சியில் ஊதா உருண்டை.
ஒரு பூ என்று எண்ணினால் தப்பு,
உள்ளே ஒரு ஊர்க்கூட்டம்.
தேனீக்குத் தெரியும்,
வீடு வீடாக ஏறி இறங்குகிறது.

நான் இங்கே வாச்மேன்.
நாற்பத்திரண்டு பிளாட், மஞ்சள் அடித்த கல்.
சித்திரையில் சரல் மண் லாரி வரும்.
வாசலில் முதலாளி வைத்த இட்லிப்பூச் செடிகளுக்கு
தினமும் ரெண்டு குடம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்
ஒற்றைக் கொம்பு மழுங்கிய செவலைப் பசு ஒன்று
உள்ளே வந்தது.
புல்லைத் தின்றது, அறுத்த தாளைத் தின்றது,
கரந்தை வந்ததும் மூக்கைச் சுளித்து
விலகி நடந்தது.
அது மேய்ந்த வழியெல்லாம்
ஊதாத் தீவுகள் மிச்சம்.

உத்தரவு உத்தரவுதான்.
இருபத்தேழாம் கல்லில் கட்டினேன்.
நோட்டில் எழுதினேன்: மாடு ஒன்று, அபராதம் ஐந்நூறு.

அந்தியில் லில்லிபுஷ்பம் வந்தாள்,
கேட் வழியாக அல்ல, பத்துக்குக் குறுக்கே.
கையில் கம்பு இல்லை. செருப்பும் இல்லை.
'கல்லு நட்டா புல்லும் ஒனக்க மொதலாளிக்கா லே?'

பதில் வைத்திருந்தேன்.
அதற்குள் மூக்கில் ஏறியது அந்த வாசம்,
மருந்துக்கடையும் மண்ணும் கலந்த மாதிரி.
சேலைக் கரை முழுக்க
ஒடிந்த கரந்தை ஒட்டியிருந்தது.

ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுவான்,
மீட்க வருகிறவன் கரந்தை.
பத்தாம் வகுப்பில் ரெண்டு மார்க் கேள்வி.
நான் மாற்றி எழுதி
ரெண்டையும் விட்டவன்.
வெட்சி என்றால் இந்த இட்லிப்பூதான் என்று
அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.
திரும்பிப் பார்த்தேன்,
வாசலில் என் பக்கத்துச் சிவப்பு,
இன்றைக்கு நானே ஊற்றிய தண்ணீர் சொட்டிக்கொண்டு.

அவள் கேட்கவில்லை, அவிழ்த்தாள்.
முடிச்சு இறுகியிருந்தது, நானும் குனிந்தேன்.
பசு எங்கள் ரெண்டு பேரையும்
ஒரே மாதிரிதான் பார்த்தது.

போகும்போது சொன்னாள்:
'நாளைக்கும் வரும். கன்னுக்குட்டியும் கூட வரும்.'

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.
அபராதம் என்ற கட்டத்தில்
எதை எழுதுவது என்று தெரியவில்லை.
விரலிலிருந்து தாளுக்கு மாறியிருந்தது
வெள்ளையாய் ஒரு ரோமம், பிசுபிசுப்பாய்.
ஊதினேன்.
போகவில்லை.