எந்தத் தோல்?

காட்பாடி சாலையில் அந்த ஓட்டலின் ஐந்தாவது மாடி.
நீல விளக்கில் எழுதிய பெயர்ப்பலகையில் ஒரு துணைக்கால் எரியவில்லை:
வைன் பர்.
பக்கத்து மேசையில்
ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளத்து ஆள்,
ஊசி குத்திய இடத்தில் இன்னும் பஞ்சு,
ஒரே பீரை ஒரு மணி நேரமாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ரெனாட்டோ மூன்று பாட்டில்களைத்
துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.
திறந்து தர பாட்டிலுக்கு ஐந்நூறு என்றார்கள்.
அன்சர் பாஷா சார் கொடுத்தார்.
அவருக்குச் சாத்துக்குடி ஜூஸ், உப்பில்லாமல்.
'நாளைக்கு அறுபதாயிரம் அடி ஆட்டுத்தோல் பார்க்கப்போகிறான்,
இன்றைக்கு உன் நாக்கைப் பார்க்கட்டும், ஜெயசீலி.'

நான் தரம் பிரிப்பவள்.
ராணிப்பேட்டை, பதினெட்டு வருடம், ஜன்னலோர மேசை.
கழுத்துப் பக்கம் விரலை ஓட்டினால்
அந்த ஆடு எந்த முள்வேலியில் உரசியது என்பதுவரை சொல்வேன்.
குடித்ததுண்டா என்றால்
கிறிஸ்துமஸுக்கு அம்மா போடும் திராட்சை ரசம்,
சர்ச்சில் மாதம் ஒரு மிடறு.
ரெண்டும் சர்க்கரை.

முதலாவது ஜார்ஜியா.
கழுத்துவரை மண்ணில் புதைத்த சாடியில்
தோலும் கொட்டையுமாய் ஆறு மாதம் கிடந்ததாம்.
பால் ஊற்றுமுன் டிகாஷன் இருக்குமே, அந்த நிறம்.
அவர்களும் தோலைத்தான் ஊறவைக்கிறார்கள் என்பதில்
எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம்.
காய்ந்த கமலாப்பழத் தோல், என்றேன்.
அப்புறம் நனைந்த கோணி.
கோணியை மட்டும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டான்.

இரண்டாவதன் பெயர் வாயில் நிற்கவில்லை.
எரிமலைச் சரிவில் விளைந்தது.
நாக்கில் ஒரு தீக்குச்சி அணைந்தது,
அவ்வளவுதான்.

மூன்றாவது கறுப்பு.
அவன் நாட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாதாம்.
சுழற்றினான், மூக்கை உள்ளே விட்டான்,
கண்ணை மூடிக்கொண்டு
'லெதர்' என்றான்.

சிரித்துவிட்டேன்.
எந்தத் தோல், ரெனாட்டோ?
உப்புப் போட்டு மூணு நாள் லாரியில் வந்ததா?
சுண்ணாம்புக் குழியில் மயிர் கழன்று
உப்பிக் கிடக்கிறதே, அதுவா?
ஆசிட்டில் போட்டதும் புளித்த மோர் மாதிரி ஒன்று எழும்,
அதைச் சொல்கிறாயா?
குரோம் ஏறி நீலமாய்ச் சொட்டும்போது வாடையே இருக்காது,
இரும்புச் சாவியை நக்கினாற்போல இருக்கும்.
நீ சொல்வது கடைசித் தோல்.
மெழுகு பூசி
உன் ஊர்க் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருப்பது.

குடித்தேன்.
துவர்ப்பு முதலில் ஈறைப் பிடித்தது,
பிறகு கன்னம் ரெண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டன.
கடுக்காய்.
இல்லை, கடுக்காய் என்றால் பின்னால் கொஞ்சம் இனிக்கும்.
இது ஆவாரம்பட்டை, ரெண்டாம் ஊறல்,
மழை நாளில் போட்டது.
அன்சர் சார் டம்ளரை வாங்கி முகர்ந்தார்.
'ஆமாம்,' என்றார், 'பட்டைதான்.'
திருப்பிக் கொடுத்துவிட்டுக் கர்ச்சீப்பில் விரலைத் துடைத்தார்.

இன்னொன்று இருக்கிறது, என்றேன்.
விழுங்கியபிறகு வருகிறது.
உப்பு இல்லை, உப்புக்குப் பக்கத்து வீடு.
ரெனாட்டோ பேனாவைத் திறந்தபடி காத்திருந்தான்.
சொல்லியிருக்க வேண்டாம்தான்.
எங்கள் தெருக் கிணறு.
பாலாற்றிலிருந்து நாலாவது வீடு.
கிணற்றின் மேல் சிலாப் போட்டு மூடுவதற்கு முந்தின வாரம்
அம்மா இறைத்த தண்ணீர், அதில் வைத்த ரசம்.
அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை,
ரெண்டாம் தடவை கேட்டு ஊற்றிக்கொண்டோம்.

அன்சர் சார் ஸ்ட்ராவால் ஐஸைக் குத்திக்கொண்டிருந்தார்.
ஏசி இரைந்தது.
பரிமாறும் பையன், நாக்கைக் கழுவ,
சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்தான்.

'கிணறு,' என்று எழுதிவிட்டு ரெனாட்டோ கேட்டான்:
அது நல்லதா, கெட்டதா?

என் மேசையில் நாலு அடுக்கு உண்டு,
ஏ, பி, சி, கழிவு.
யோசித்துப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் ஊற்று, என்றேன்.