ஒன்பதாம் காலம்

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாம் மாடி.
இரவு ஷிஃப்ட்டில் என் பங்குக்கு வந்தவர்
ஹெர்பர்ட் ஆஸ்கில்.
இடது ஓர ஆட்டக்காரர்.
உயரம் ஐந்தடி ஆறு, எடை பத்தரை ஸ்டோன்.
ஸ்டோன் என்றால் எத்தனை கிலோ என்றேன்.
"கேக்காத, இருக்கறத அப்படியே அடி"
என்றார் பெனடிக்டா மேடம்.
அடித்தேன்.

ஒரு பெயருக்குப் பதினொரு காலம்.
(கட்டத்தை இங்கே காலம் என்போம்.
நேரத்துக்கு எங்களிடம் ஷிஃப்ட் என்று வேறு சொல்.)
ஒரு பெயருக்கு நாலரை நிமிடம்,
ஆறு ரூபாய்.
ஸ்கேன் செய்த பேரேட்டில்
எவருடையதோ சாய்ந்த கையெழுத்து.
அதில் ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள்.

1904. சுரங்க ஊர் அணி ஒன்று.
முந்தைய தொழில்: கரி வண்டி தள்ளுதல்.
1906. கைமாற்றுத் தொகை நூற்றைம்பது பவுன்.
அது யாருக்குப் போனதோ,
அவருக்குப் போகவில்லை என்று மட்டும்
எப்படியோ எனக்குத் தெரிந்தது.
வாரச் சம்பளம் நான்கு பவுன்.
கோடையில் மூன்று.
ஏன், கோடையில் பசிக்காதா மனுஷனுக்கு?

ஆடியவை 112. அடித்த கோல் 19.
(அல்லது 79. ஒன்றா ஏழா என்று
கண்ணைத் திரையில் ஒட்டிவைத்துப் பார்த்தேன்.
ஓரத்தில் நிற்பவனுக்கு எழுபத்தொன்பது கிடைக்காது.
பத்தொன்பது.)

அதில் ஒரு கோலுக்கு மட்டும் விளிம்பில் குறிப்பு:
'சேற்றில் விழுந்தபடி, வலது காலால்.'
படிவத்தில் சேற்றுக்குக் கட்டமில்லை.

அந்தச் சேறு எனக்குத் தெரியும்.
ஐப்பசி மழை விட்ட மறுநாள் வியாசர்பாடியில்
பந்து காட்டன் கால்வாயில் விழுந்தால்
அடித்தவள்தான் இறங்கி எடுக்கவேண்டும்.
நிறைய இறங்கியிருக்கிறேன்.
நானும் இடது ஓரம்தான்.
வலது கால் எனக்கு
நிற்பதற்கு மட்டும்.
சேற்றில் விழுந்தபடி அந்தக் காலால்
ஒருவன் அடித்திருக்கிறான் என்றால்
வேறு வழியே இருந்திருக்காது.
அன்று அவன் எழுந்து நிற்கையில்
முகத்தில் பல் மட்டும் வெள்ளையாய் இருந்திருக்கும்.

1911.
ஒன்பதாம் காலம்: விலகிய காரணம்.
அம்புக்குறியைத் தொட்டால் ஐந்து சொற்கள் இறங்கும்:
காயம், ஓய்வு, கைமாற்று, போர், மரணம்.
பேரேட்டில் இருந்ததோ
'மார்ச் முதல் வரவில்லை.'

அவ்வளவுதான்.
யாரும் வீடுவரை போய்ப் பார்க்கவில்லை போல.

ஐ.சி.எஃப். மைதானத்தில் தேர்வு நடந்த காலை
நானும் வரவில்லை.
முழங்கால் என்று எல்லோரிடமும் சொன்னேன்,
கோச் பாக்கியராசு சாரிடமும்.
முழங்காலுக்கு ஒன்றுமில்லை.
பஸ் வந்தது, நின்றது.
'ஏறலியாம்மா' என்று கண்டக்டர்கூடக் கேட்டார்.
பையில் பூட்ஸ் கனத்தது.
நான் கையை ஆட்டிப் போகச் சொன்னேன்.
இன்றைக்குக் கேட்டாலும்
ஐந்தில் எதைத் தொடுவேன் என்று தெரியாது.

"காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்காது.
முதல்ல இருக்கறத போட்டுட்டு வா,
எல்லாரும் அதத்தான் போடறாங்க."

காயத்தின்மேல் விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு
கைமாற்று என்று அழுத்தினேன்.

உடனே பத்தாம் காலம் திறந்துகொண்டது:
சேர்ந்த அணி?

கர்சர் மினுக்குகிறது.
மணி ஆறு.
கீழே பெண்களை ஏற்றிப்போகும் வேன்
இரண்டாவது முறை ஹாரன் அடிக்கிறது.